பெயரேட்டுக் காவலர்

அலுவலக அரட்டைச் செயலியின் தேடற்பெட்டியில் எவர் பெயர் தோன்றலாம், எவர் பெயர் தோன்றலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கைக்கு வந்த கணினி உத்தியோகத்தரைப் பெயரேட்டுக் காவலர் என்று அழைக்கலாம். பெயரேடு என்பது நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்போரின் பெயர், பதவி, முகவரி ஆகியவை அடங்கிய பட்டியல். டீம்ஸ், கூகுள் சாட் போன்ற செயலிகளில் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கீழே வரிசையாக விழும் பெயர்கள் அதிலிருந்தே வருகின்றன. திருகோணமலை நகரில் தலைமைக் கந்தோரும், கொட்டியார் குடாவுக்குத் தெற்கே மூதூர், கட்டைபறிச்சான், சம்பூர்ப் பகுதிகளில் வெளிக்கள உத்தியோகத்தர்களும் உள்ள நிறுவனம் ஒன்றில் இவ்வகையினரைக் காணலாம். அவர்களுள்ளும் கட்டைபறிச்சானில் பிறந்து, வாரநாளில் பட்டியலைக் காத்து, வெள்ளி மாலையில் பட்டியலே தேவைப்படாத ஊருக்குத் திரும்புபவர் தனியே ஆராயத்தக்கவர்.

இவருடைய தொழிலுக்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. வங்கியொன்றில் ஆலோசனை கூறும் பிரிவும் பங்கு வாங்கி விற்கும் பிரிவும் ஒன்றையொன்று அணுகாதிருக்க வேண்டும். பாடசாலைச் செயலியில் மாணவர் தேடும்போது எல்லாப் பெரியவர்களின் பெயர்களும் விழத் தேவையில்லை. இதற்காகவே மைக்ரோசாப்ட் முகவரிப் பட்டியலைப் பிரிவு பிரிவாகக் காட்டும் கொள்கைகளையும், கூகுள் தனிப்பயன் பெயரேடுகளையும் வைத்திருக்கின்றன. காரணங்கள் ஒருபுறம் இருக்க, பட்டியலில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் ஒரு பெருமையும் உண்டு. 1878 இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வெளியான முதல் தொலைபேசிப் பெயரேடு இலக்கமே இன்றி 50 பதிவுகளை மட்டும் ஒற்றைத் தாளில் அச்சிட்டபோது, அதில் இடம்பெறுவதே பெருமையாக இருந்திருக்கும். பின்னாளில் தம் இலக்கத்தை அச்சிடாதிருக்கப் பணம் கட்டியவர்களும் உண்டு. பெருமை பட்டியலுக்குள்ளிருந்து பட்டியலுக்கு வெளியே குடிபெயர்ந்த அந்த இடத்தில்தான் நம் காவலரின் வாழ்வு தொடங்குகிறது.

அவர் முதலில் மறைப்பது முகாமையாளரை. வெளிக்கள உத்தியோகத்தர் நேரடியாகச் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்கிறார்கள் என்று முகாமையாளர் ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், மாலைக்குள் அவர் பெயர் தேடலிலிருந்து நீங்கிவிடும். அடுத்து கணக்குப் பகுதி மறையும். கணக்குப் பகுதியை மறைத்தமை பற்றிக் கேள்வி கேட்கக்கூடிய உள்ளகக் கணக்காய்வாளர் அதற்கடுத்து மறைவார். இறுதியாகக் காவலர் தம்மையே மறைத்துக்கொள்வார். அப்போது, தம் பெயர் தேடலில் வரவில்லை என்று முறையிட விரும்பும் ஊழியர் முறையிட வேண்டியவரின் பெயரும் தேடலில் வராது என்பதால், முறைப்பாடுகள் பூச்சியமாகின்றன. அதையே அவர் ஆண்டறிக்கையில் சாதனையாக எழுதுகிறார்.

இவருடைய அடிப்படை நம்பிக்கை, பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகும் என்பது. செயலியோ அவ்வளவு தூரம் உறுதி தருவதில்லை. தேடலிலிருந்து பெயரை எடுப்பது வாசற்பலகையைக் கழற்றுவது போன்றதேயன்றி வாசலைப் பூட்டுவதன்று. முழு மின்னஞ்சல் முகவரி தெரிந்தவர் அதைத் தட்டி எழுதலாம். மாற்றம் எங்கும் பரவுவதற்கு 24 மணிநேரம் வரை ஆகலாம் என்று கூகுளின் நிர்வாகத் திரை எச்சரிப்பதும் அவருக்குப் பிடிக்காது. அந்த ஒரு நாளும் முகாமையாளர் பாதி மறைந்தவராக உலவுகிறார் என்ற கவலையில் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

கட்டைபறிச்சானோ பட்டியலின் அருமையை வேறு வழியில் கற்ற ஊர். 2006 இல் போரினால் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கட்டைபறிச்சான் உட்படப் பல இடங்களிலிருந்த நலன்புரி முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 2015 இலும் 2016 இலும்தான் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். அக்காலத்தில் ஜீ.எஸ் எனப்படும் கிராம சேவகரின் நிவாரணப் பதிவிலிருந்து ஒரு பெயர் விடுபட்டால் அரிசியும் விடுபட்டது. ஆகவே, தம் முகாமையாளரின் பெயர் இனிப் பட்டியலில் இல்லை என்று காவலர் பெருமையோடு சொல்லும்போது, அவருடைய அம்மம்மா வெற்றிலையை மடித்தபடி, “பாவம், ஜீ.எஸ்ஸிட்டச் சொல்லித் திரும்பப் பதியச் சொல்லு மகன்” என்று இரங்குவார்.

ஊரின் தேடல்முறையும் செயலியினதைவிட வலுவானது. இலங்கைத் தமிழர் வழக்கில் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். செயலியோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் கேட்கிறது. குடும்பப்பெயர் இல்லாத காவலர் அந்தப் பெட்டியில் ஒரு புள்ளியை இட்டுக் கடந்துவிடுகிறார். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கடை வாங்கிலிருந்து எழும் முதற் கேள்வியே, “தம்பி, நீங்க ஆர்ட மகன்?” என்பது. அலுவலகத்தில் புள்ளியாக ஒடுங்கிய தந்தை ஊரில் திறவுகோலாகிவிடுகிறார். அந்த ஒரு விடையிலிருந்து தாய்வழி, படித்த பாடசாலை, சம்பளம், நின்றுபோன கல்யாணப் பேச்சு ஆகியவை வரிசையாக விழுகின்றன. 24 மணிநேரத் தாமதம் அங்கே கிடையாது.

இவ்வகைக் காவலர் எவருக்கும் இறுதிச் சோதனை அந்தக் கடை வாங்கிலேயே காத்திருக்கிறது. “திங்கட்கிழமை உங்கட முகாமையாளர் சம்பூருக்கு வாறாராமே?” என்று கடைக்காரர் கேட்கும்போது, நாட்காட்டியிலும் தாமே மறைத்துவைத்த அப்பயணம் இங்கே எவ்வாறு வந்தது என்று அவர் திகைப்பார்; வாகனச் சாரதி முற்பகலே சொல்லிவிட்டுப் போனார் என்பது விசாரணையில் தெரியவரும். திங்கள் காலை, சாரதியின் பெயரையும் மறைத்துவிடும் உறுதியோடு அவர் நிர்வாகத் திரையைத் திறந்து தேடுவார். முடிவு எதுவும் இல்லை என்று திரை கூறும். நிறுவனத்தின் எல்லாப் போக்குவரத்தும் அறிந்த அந்த ஒருவருக்கு எவரும் இதுவரை கணக்கே திறந்து கொடுத்திருக்கவில்லை.