பலகை வைத்தியம்

கடலூர் பெயரில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அதைப் பார்க்கக் கடலூர்க்காரர் பஸ் ஏற வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தாண்டி, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்ற கணக்கு நேரானது. நோயாளிதான் கணக்குக்குத் தக்கபடி நோய்வாய்ப்படத் தெரியாதவர்.

அந்தக் கல்லூரியின் பெயர்ப்பலகையும் சும்மா மாறவில்லை. பல்கலைக்கழகத்தை அரசு 2013-இல் எடுத்துக்கொண்டது. கட்டணத்தை எடுக்க மறந்துவிட்டது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பழைய பெயரில் அரசே நடத்திய அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். அரசுக் கல்லூரியில் அரசுக் கட்டணம் கேட்ட குற்றத்துக்காக மாணவர்கள் 2020 டிசம்பரிலிருந்து ஐம்பது நாளுக்கு மேல் போராடினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகுதான், 2021-இல், சுகாதாரத் துறைக்கு ஞானம் பிறந்து பலகை மாறியது.

டெல்லியிலும் இதே வைத்தியம்தான். துணை சுகாதார நிலையம் நலவாழ்வு மையமானது. 2023-இல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் ஆனது. நாட்டின் சுகாதாரச் சீர்திருத்தத்தில் வேலை நிரந்தரமானவர் பெயிண்டர் ஒருவர்தான்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கடலூரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கம்மா’ என்று அவர் மனைவியிடம் சீட்டு எழுதித் தருகிறார்கள். வடக்கே ஜிப்மர், தெற்கே சிதம்பரம், வடமேற்கே முண்டியம்பாக்கம். முந்தானையில் முடிந்த முன்னூறு ரூபாயும், மஞ்சள் பையில் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டு ஜெராக்ஸுமாக அந்தம்மா 108-இல் ஏறுகிறார். ஐந்து லட்சம் வரை என்கிறது அட்டை. கூட வந்தவர் சாப்பாட்டுக்கும், திரும்பி வரும் வண்டிக்கும், பறிபோன கூலிக்கும் அதில் ஒரு ரூபாய் கிடையாது.

இந்த ஊருக்கு வெகு சிக்கனமாக ஒரு சீர்திருத்தம் சொல்கிறேன்: கடலூருக்குச் சிதம்பரம் என்று பெயர் வைத்துவிடுங்கள். ஒரே கையெழுத்து, தூரம் தீர்ந்தது.

முடியாதென்றால் கடனைக் கட்டுங்கள். 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று 2017-இல் மத்திய அமைச்சரவையே ஒப்புக்கொண்ட கொள்கை சொல்கிறது. கொரோனா கொன்று குவித்த 2021-22-இல்கூட 1.84 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த ஆண்டு மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் ஜனங்களின் மடியிலிருந்து போனது. 2025-உம் போய்விட்டது. நீங்கள் தராமல் வைத்த மிச்சத்தைத்தான் அந்தம்மா தாலியை அடகு வைத்துக் கட்டுகிறார், வட்டியோடு.