25 சதவீதம் நீங்கலாக

கல்யாணப் பத்திரிகைக்குப் பட்டியல் போடுவதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாருக்கு நேரில் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும், யாருக்குத் தபால் போதும், யாரிடம் "தபால்ல போட்டேனே, வரலையா, அடடா!" என்று கை விரிக்க வேண்டும் என்பதெல்லாம் பரம்பரை வித்தை. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பாசத்தை முடிவு செய்த அந்த வித்தை இப்போது யு.கே.ஜி. வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தைக்கு ஐந்து வயது நிறைகிறது. யாரைக் கூப்பிடுவது என்று அப்பா எக்ஸெல்லில் பட்டியல் போடுகிறார்.

குழந்தையிடம் கேட்டால் பட்டியல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் உட்காருகிறவன், பென்சில் சீவிக் கொடுக்கிறவள், வேனில் ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தவன், நேற்றுக் கையைக் கடித்தவன். ஆமாம், கடித்தவனும் உண்டு. அந்த வயதில் பகைக்கு ஆயுள் அரை நாள். ஆனால் குழந்தையிடம் யார் கேட்கிறார்கள்? "அவங்கப்பா எங்க வேலை பார்க்கிறார்?", "அவங்க எந்த அபார்ட்மென்ட்?", "அவங்க பார்ட்டிக்கு நம்மளைக் கூப்பிட்டாங்களா?", "ரிட்டர்ன் கிஃப்ட் என்ன கொடுத்தாங்க?" ஜாதகப் பொருத்தத்துக்குக்கூட இவ்வளவு கேள்வி கிடையாது. எல்லாப் பொருத்தமும் பார்த்த பிறகு, பில்டர் வீட்டுப் பெண் உள்ளே வந்துவிடுகிறாள். அவளும் நம் குழந்தையும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த செக்‌ஷனில் படிக்கும் டாக்டர் மகனும் வந்துவிடுகிறான். பென்சில் சீவிக் கொடுத்தவள் வெளியே நிற்கிறாள்.

அழைப்பிதழ் கார்டாகவும் வருகிறது, வீடியோவாகவும் வருகிறது. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஆட, நடுவில் குழந்தையின் முகம். 'ஜங்கிள் சஃபாரி' தீம். கீழே பொடி எழுத்தில் "நோ கிஃப்ட்ஸ் பிளீஸ், ஒன்லி பிளெஸிங்ஸ்". இந்த வரியை நம்பி வெறுங்கையோடு போன அப்பாவிகளின் கதி என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பாருங்கள். மறு வருஷம் அவர்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் இன்னும் வெளிப்படையானவர்கள் இருக்கிறார்கள். 2015 ஜனவரியில், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பனிச்சறுக்குப் பார்ட்டிக்கு வராமல் போன ஐந்து வயதுப் பையனின் வீட்டுக்கு 15 பவுண்டு 95 பென்ஸுக்கு பில் அனுப்பினார் ஒரு தாய். உலகமே சிரித்தது. நம் ஊர் பார்ட்டி அம்மாக்கள் மட்டும், இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்திருப்பார்கள்.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய அற்பத்தனம். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

எக்ஸெல்லில் ஒரு வரிசை இருக்கிறது. அதற்குத் தலைப்பு கிடையாது, தேவையும் இல்லை. அந்த வரிசையில் இருப்பவர்களுக்குக் கார்டு போகாது என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் தெரியும். பேச்சுவழக்கில் அவர்களுக்கு 'ஆர்டிஇ பசங்க' என்று பெயர்.

2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ), தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. 2012 ஏப்ரல் 12-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மத்திய அரசின் மாதிரி விதிகளோ, இந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பறையில் உட்கார வைக்கக் கூடாது, வேறு நேரத்தில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கின்றன. எவ்வளவோ யோசித்து எழுதிய அந்த அதிகாரிகளுக்குப் பிறந்தநாள் கார்டு ஒன்று இருப்பது மட்டும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்க நலிந்த குடும்பமென்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இந்த ஒரு கிலோமீட்டர் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். பள்ளியைச் சுற்றி அடுக்குமாடிகள். அடுக்குமாடிக்குப் பின்னால் அவற்றுக்கு வேலையாட்களை அனுப்பும் குடிசைப் பகுதி. ஆகவே, ஆர்டிஇ பையனின் அம்மா பெரும்பாலும் பார்ட்டி நடக்கிற அதே அடுக்குமாடியில்தான் பாத்திரம் தேய்க்கிறார். அவன் அப்பா அதே கேட்டில் செக்யூரிட்டி. சட்டம் அளந்து பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. நம்மவர்களுக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்து அடுக்ககத்தின் பார்ட்டி ஹாலில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. பலூன் வளைவு, பஞ்சுமிட்டாய் ஸ்டால், டாட்டூ ஒட்டுகிற பெண், மைக்கில் கத்துகிற கேம் கோஆர்டினேட்டர், எல்லாம் உண்டு. வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் "இன்னிக்கு ஆறு மணிக்கு வந்துடு, பாத்திரம் நிறைய விழும்" என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லாததால் கூடவே அழைத்து வந்து, ஜெனரேட்டர் ரூம் படியில் உட்கார வைத்திருந்தார். பிறந்தநாள்காரன் அவனைப் பார்த்துவிட்டான். கிரீடம் கழன்று விழ ஓடி வந்து, "டேய், வாடா! மேஜிக் ஷோ ஆரம்பிக்கப் போகுது!" என்று கையைப் பிடித்து இழுத்தான். பிறந்தநாள் வீட்டு அம்மா பதறிப் போய்ப் பின்னாலேயே வந்தார். "கண்ணா, அவன் வேலைக்காரம்மா பையன்டா." பிறந்தநாள்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லம்மா, அவன் என் பெஞ்ச்."

பெரிய மனசு பண்ணி ஒரு பேப்பர் தட்டில் கேக் வைத்து, சிங்க் பக்கமாக அனுப்பி வைத்தார்கள். ரிட்டர்ன் கிஃப்ட் கிடையாது. எண்ணிக்கை வைத்து வாங்கியிருந்தார்களாம்.

இந்த எண்ணிக்கை என்கிற சாக்கு இருக்கிறதே, அது எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. "ஹால்காரர் ஹெட் கவுன்ட் கேட்கிறார், பிளேட்டுக்கு இவ்வளவுன்னு சொல்றார், எல்லாரையும் கூப்பிட முடியுமா?" நியாயம்தான். பலூன் வளைவுக்கு யாரும் ஹெட் கவுன்ட் பார்க்கவில்லை. நுழைவாயிலில் நிற்கும் ஆளுயரத் தெர்மக்கோல் யானைக்கும் பார்க்கவில்லை. ஐந்து குழந்தைகள் என்று வரும்போதுதான் நமக்குச் சிக்கனம் பிறக்கிறது.

இன்னொரு சாக்கு அதைவிட மோசம், அது கருணை வேஷத்தில் வருவதால். "பாவம், அவங்களால கிஃப்ட் வாங்க முடியாது, சங்கடப்படுவாங்க." அம்மணி, "நோ கிஃப்ட்ஸ் பிளீஸ்" என்று அச்சடித்தது யார்? அந்த வரியை எழுத்துக்கு எழுத்து நம்பி, ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரே விருந்தாளி அந்தப் பிள்ளைதானே?

"எங்க ஃபீஸ்லதானே அவங்க படிக்கிறாங்க" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கான செலவை ஒரு வரம்பு வரை அரசே பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டம். அரசுப் பணம் வரிப் பணம். பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கட்டி வாங்கும்போது அந்த அம்மாவும் கட்டுகிற வரி.

சரி, கார்டு எப்படிப் போகிறது? வீட்டுக்கு வீடு போய்க் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அவ்வளவு சிரமம் எதற்கு என்று கார்டுக் கட்டை அப்படியே ஸ்கூல் பையில் போட்டு அனுப்புகிறார்கள். பட்டியல் மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஸ்நாக்ஸ் நேரத்தில் மிஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டைரிக்குள் வைத்து அனுப்புகிறார். வகுப்பில் எல்லாருக்கும் எது வந்தாலும் நமக்கும் வரும் என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை. பெயர் வராதவன் பையைத் திறந்து பார்க்கிறான். டைரியைத் தலைகீழாக உதறுகிறான். "மிஸ், எனக்கு?" என்று கேட்கிறான். மிஸ் தங்கமானவர். அவருக்கும் சம்பளம் வர வேண்டும். "உங்கம்மாவுக்கு வாட்ஸ்அப்ல வரும்டா, செல்லம்" என்கிறார். அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

பிறந்தநாளன்று காலை வகுப்பில் பாட்டு. கலர் டிரெஸ்ஸில் ஒருவன் முன்னால் நிற்க, யூனிஃபார்மில் மற்றவர்கள் எல்லாரும் கைதட்டிப் பாடுகிறார்கள். உலகம் முழுக்கப் பிறந்தநாளுக்குப் பாடும் அந்த மெட்டுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் மழலையர் பள்ளி ஆசிரியை பேட்டி ஹில்லும் அவர் அக்கா மில்ட்ரெட்டும் சேர்ந்து உருவாக்கியது அது. 1893-ல் அச்சேறியபோது அதற்குப் பிறந்தநாளோடு சம்பந்தமே இல்லை; வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துக் காலை வணக்கம் சொல்லும் பாட்டு. பிற்பாடு அதற்கு ஒரு கம்பெனி உரிமை கொண்டாடி வருஷக்கணக்கில் காசு வசூலித்தது. அந்த உரிமை செல்லாது என்று 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டு எல்லாருக்குமாகிவிட்டது. பாடுவதற்கு ஆர்டிஇ பிள்ளையின் குரலும் வேண்டியிருக்கிறது. கேக் தின்ன அவன் வாய்தான் வேண்டாம்.

திங்கட்கிழமை இன்னும் கொடுமை. பார்ட்டிக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பென்சில் பவுச் கொண்டுவருகிறார்கள். மேலே ஜங்கிள் சஃபாரி, நடுவில் பிறந்தநாள்காரனின் படம். ஏழை பணக்காரன் வித்தியாசம் கண்ணில் படக்கூடாது என்றுதான் காமராஜர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊர்க்காரர்களிடம் துணி வாங்கிப் பிள்ளைகளுக்குச் சீருடை போட்டுவிட்டார். அந்தச் சீருடையை ஒரே ஒரு பவுச்சை வைத்துக் கழற்றிவிட்டோம். யாரிடம் பவுச் இல்லை என்று எண்ணிவிட ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பந்தி என்று தெரிந்தபோது தமிழ்நாடு கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வியில் காங்கிரஸ் கலகலத்துப் போயிற்று. பெரியார் 1925-ல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறியதற்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது. அந்த வரலாற்றைப் பாடமாகப் படித்து, சமூக நீதி மண் என்று மேடையில் முழங்கி, முற்போக்கு வசனங்களை ஸ்டேட்டஸாக வைக்கிற அப்பாக்கள்தான் இந்த எக்ஸெல்லையும் தயாரிக்கிறார்கள். சேரன்மாதேவியில் தனிப் பந்தியாவது போட்டார்கள் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

"எங்க வீட்டு விசேஷம், எங்க காசு, யாரைக் கூப்பிடணும்னு நீ யார் சொல்ல?" என்று கேட்பது காதில் விழுகிறது. ஒப்புக்கொள்கிறேன். நாலு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, தோசை வார்த்துப் போட்டு, கேசரி கிண்டிக் கொடுங்கள். அது உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். ஆனால் வகுப்பறை உங்கள் வீட்டு நடு ஹால் இல்லை. அங்கே எல்லார் கண் முன்னாலும் சிலரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட உங்களுக்கு யாரும் உரிமை எழுதித் தரவில்லை.

ஸ்வீடனில், லுண்ட் நகரில், 2008-ல் எட்டு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் கார்டு கொடுத்தபோது இரண்டே இரண்டு பேரை விட்டுவிட்டான். ஒருவன் இவனைத் தன் பார்ட்டிக்குக் கூப்பிடவில்லை, இன்னொருவனோடு சண்டை. பள்ளி கார்டுகளைப் பறிமுதல் செய்துவிட்டது. அப்பா கோபத்தில் நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பு அதிகாரி வரை புகார் கொண்டுபோனார். பள்ளி செய்தது அதிகப்படி என்று வாதாடலாம். எனக்கும் குழந்தை கையிலிருந்து பிடுங்குவது பிடிக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டு குழந்தைகள் விடுபட்டதற்குப் பள்ளி பதறியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பள்ளிகளில், வகுப்பில் கொடுப்பதானால் எல்லாருக்கும் கொடு, இல்லையென்றால் வெளியே வைத்துக்கொள் என்று விதியே இருக்கிறது.

நம் தாளாளர்கள் சுற்றறிக்கை அனுப்பத் தெரியாதவர்களா? சாக்ஸின் கோடு எத்தனை, ரிப்பன் என்ன நிறம், டிபன் பாக்ஸில் முட்டை வரலாமா என்பதற்கெல்லாம் அறிக்கை வருகிறது. இதற்கு மட்டும் வராது. கார்டு கொடுக்கிறவர்தான் ஆண்டு விழாவுக்கு ஸ்பான்சர்.

2025-26 கல்வியாண்டில் மத்திய அரசின் நிதி வரவில்லை என்று தமிழ்நாட்டில் இந்த 25 சதவீதச் சேர்க்கையே மாதக்கணக்கில் நின்றுபோயிற்று. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான அந்தச் சண்டையில் பள்ளிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நம்பலாம். ஆனால் தாளாளர் அவர்களே, "பிறந்தநாள் அழைப்பிதழைப் பள்ளி வளாகத்தில் கொடுப்பதானால் வகுப்பில் உள்ள அனைவருக்கும் கொடுக்க வேண்டும்" என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட டெல்லியிலிருந்து எந்த நிதியும் வர வேண்டியதில்லை. நாளைக் காலை அனுப்புங்கள்.