வாய் ஒண்ணு, பொம்மை பத்தா?

ஏங் கண்ணு, தாளுல என்னமோ எழுதி வெச்சிருக்கயே, படிச்சேன். இரும்பு நாய் நாலு. கல்லு ராட்சசன் ரெண்டு. பறக்கற செப்புக் குருவி மூணு. இத்தனைக்கும் பின்னால தாடி வெச்ச ஒரு மேதாவி. நீ சண்டைக்குப் போறயா, சந்தைக்குப் போறயா, சாமி? இந்தக் கூட்டத்தப் பார்த்தா வாசல்லயே சுங்கம் கேப்பாங்களே!

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. ஞாயித்துக்கெழமையானா உன்ற கூட்டாளிக திண்ணையில உக்காந்து பகடை உருட்டறாங்க, நான் கட்டல்ல கெடந்தாலும் காது தூங்கறதில்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளிய கொண்டு வந்த ஆட்டம். நீ தூங்குனப்பறம் விதிப்புத்தகத்தையும் பொரட்டிப் பார்த்தேன். லேத்துப் பட்டறையில கை தேஞ்சவனுக்கு, யந்தரம் செஞ்சு சண்டைக்குக் கூட்டீட்டுப் போற வீரன்னா சித்தெ ஆசை வராதா?

உனக்குத் தோதான ஆளு ஆர்டிஃபிசர். கீத் பேக்கர் எபரான்னு ஒரு உலகத்த உண்டாக்குனாரு. 2004ல அந்தப் புத்தகம் வந்தப்பவே இவனும் அதுல இருந்தான். நீங்க ஆடற அஞ்சாம் பதிப்புக்கு 2019ல வந்து சேர்ந்தான், 2020ல டாஷா புத்தகத்துல மறுக்காவும் அச்சானான். நான் அந்த டாஷா கணக்க வெச்சுத்தான் பேசறேன். மூணாவது லெவல்ல பேட்டில் ஸ்மித்துங்கற கிளைக்குப் போனீனா, ஸ்டீல் டிஃபெண்டர்னு ஒரு இரும்புத் துணை உனக்கே உனக்குன்னு கெடைக்கும். ஒண்ணே ஒண்ணு. என்ன, மொகம் சுருங்கிப் போச்சு?

கேளு. உன்ற டர்ன் முடிஞ்ச கையோட அதுக்கு டர்ன் வரும். ஆனா நீ போனஸ் ஆக்ஷனச் செலவு பண்ணி “அடி”ன்னு சொன்னாத்தான் அடிக்கும். சொல்லாட்டி நகுந்து நகுந்து அடி படாமத் தப்பிக்கப் பார்க்கும், அவ்வளவுதான். ஒரு சுத்துக்கு உனக்குப் போனஸ் ஆக்ஷன் எத்தன? ஒண்ணு. 100 பொன் பெறுமான ரத்தினத்த வெச்சு ஹோமன்குலஸ்னு ஒரு குட்டிய உண்டாக்கலாம்னு படிச்சு வெச்சிருக்கயே, அதுவும் அதே போனஸ் ஆக்ஷனத்தான் கேக்கும். பத்தாததுக்கு பிராண்டிங் ஸ்மைட்னு ஒரு மந்திரத்துக்கு வட்டம் வேற போட்டிருக்கற. அதுக்கும் அதேதான். மூணு பேரு ஒரே சோத்துத் தட்டுக்குக் கை நீட்டறாங்க, நீ நாலாவதா ஒருத்தன விருந்துக்குக் கூப்புடற.

அந்த டிஃபெண்டர் நீ வாயத் தொறக்காமயே செய்யற வேல ஒண்ணு இருக்குது. அதுக்கு அஞ்சு அடிக்குள்ள நிக்கற எதிராளி வேற எவன் மேலயாச்சும் கை ஓங்குனா, தன்ற ரியாக்ஷன வெச்சு அந்த அடியக் கெடுத்துவுடப் பார்க்கும். எதிராளி ரெண்டு பகடை உருட்டிக் கம்மியானத எடுத்துக்கோணும். ஆனா அதையே ஒருத்தன் அடிச்சா, அந்த வித்தை தனக்கு ஆகாது. உங்கம்மிச்சி குணம். அதனால அதக் கொண்டு போயி எதிரி நடுவால தனியா நிறுத்தாத, கண்ணு. உங்க மருத்துவச்சி பக்கத்துல நிறுத்து.

நீ எங்க நிக்கற? தாளுல “அறுபது அடிக்குப் பின்னால”ன்னு எழுதியிருக்கற. அடேங்கப்பா! கவசம் போடத் தெரிஞ்சவன், கேடயம் புடிக்கத் தெரிஞ்சவன், அஞ்சாவது லெவல்ல ஒரே ஆக்ஷன்ல ரெண்டு வாட்டி அடிக்கப் போறவன், அங்க நின்னு மூக்குப் பொடி போடப் போறயா? முன்னால வா. ஸ்ட்ரெங்த்துக்குப் 16 போட்டு வெச்சிருக்கயே, அத அழி. பேட்டில் ஸ்மித்து கையில மந்திரமேறுன ஆயுதம் இருந்தா, இன்டலிஜென்ஸ வெச்சே குறி பார்க்கலாம், வெட்டலாம். ஆயுதத்துக்கு மந்திரம் ஏத்தற இன்ஃப்யூஷன் வித்தைய ரெண்டாவது லெவல்லயே கத்துக்கறான். ஆக, புத்திக்குப் 16. அது இரும்புக்கும் உதவும்: ஆர்டிஃபிசர் லெவல அஞ்சால பெருக்கி, புத்திக்கு உண்டான கூடுதலச் சேர்த்து, மேல ரெண்டு போட்டா அதோட ஹிட் பாயிண்ட். மூணாவது லெவல்ல 20. உன்ற கூட்டாளி, அந்த மந்திரக்காரப் பையன், அந்த லெவல்ல அத எட்டுனாவே பெரிசு.

கல்லு ராட்சசன மறக்க முடியலயா? செரி. கோலெம் செய்யற கையேடு கெடைச்சுதுன்னு வெச்சுக்கலாம். கல்லுக்கு 90 நாளு, 80,000 பொன். இரும்புக்கு 120 நாளு, ஒரு லச்சம். நீ உலைக்கு முன்னால குந்தியிருக்க, கூட்டாளிக டிராகன முடிச்சுப் போட்டு, பங்கு பிரிச்சு, கல்யாணமும் பண்ணீருப்பாங்க. அனிமேட் ஆப்ஜெக்ட்ஸ் மந்திரத்துல பத்துச் சாமான ஒரே சொல்லுல ஏவலாம்னு சொல்லுவ. தெரியும். ஆர்டிஃபிசருக்கு அது 17வது லெவல்லதான் வருது. வந்தாலும் ஒரு நிமிசத்துக்கு மேல தாங்காது. ஆனா நீ பத்துக்கும் பத்துப் பகடை உருட்டிக் கூட்டி முடிக்கறதுக்குள்ள திண்ணையில பாதிப்பேரு தூங்கிப் போவாங்க. அன்னிக்கு என்ற காதும் தூங்கீரும்.

நம்ம சீவக சிந்தாமணியில சச்சந்த ராசா மயில்பொறி செய்யச் சொன்னானே, எதுக்கு? மாசமா இருந்த அவன் சம்சாரம் விசயை தப்பிச்சுப் போறதுக்கு. அந்த ஒரு வேலைக்கு ஒரு பொறி. அது அவளத் தூக்கீட்டுப் போயிச் சுடுகாட்டுல எறக்குச்சு, சீவகன் அங்க பொறந்தான். துரோகம் பண்ணுன மந்திரி கட்டியங்காரனோட சண்டைய ராசாவே போட்டுச் செத்தான். ராசாக்குத் தச்சன் பஞ்சமா, மரம் பஞ்சமா? நூறு மயிலு செஞ்சிருக்கலாம்.

உன்ற ஆளு அந்த இரும்புத் துணைய எதுக்குச் செஞ்சான்னு தாளுல ஒரு வரி கூட இல்லியே, சாமி. “சண்டைக்காக”ன்னு எழுதாத, சண்டைக்குக் கத்தி போதும். ரெண்டு காலோ நாலு காலோ உன்ற இஷ்டம்னு புத்தகம் சொல்லுது, கணக்குல மாத்தமில்ல. அப்ப காலு கதைக்குத்தான. மலையேறி மருந்து கொண்டார முடியாம அண்ணனச் சாகக் குடுத்தவன் நாலு கால் வெப்பான். வேலையாளு ஓடிப் போன கொல்லன், சுத்தி புடிக்க ரெண்டு கையும் நிக்க ரெண்டு காலும் வெப்பான். உன்ற ஆளு குள்ள இனம்னா நாலு கால்ல ஏறிச் சவாரியும் போகலாம், அதுவும் ஒரு வேடிக்கை.

பேரு வெச்சுட்டயா? என்ற பேரா? அடப் படுபாவி! செரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அது ஒடஞ்சு விழுந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள கொல்லுச் சாமானோட ஓடிப் போயித் தட்டோணும், மந்திர ஸ்லாட் ஒண்ணு செலவாகும், ஒரு நிமிசத்துல முழுசா எந்திரிச்சுக்கும். அந்த நேரத்துல எதிரி மடியத் தடவிக்கிட்டு இருந்தீனா, ராத்திரி ஓய்வு முடிஞ்சு புதுசு செஞ்சுக்கலாம்னு புத்தகம் சமாதானம் சொல்லுது. என்ற பேரு வெச்சுட்டு அந்தச் சமாதானத்த எங்கிட்டச் சொல்லாத.