திட்டக்குழுத் தலைவர்

துபாயில் இருக்கும் மகளைப் பார்க்க விசிட் விசாவில் வரும் மாமனார்களில் ஒரு ரகம் உண்டு. ஊரில் ரிட்டையர் ஆனவர். இங்கே வந்து இறங்கியதும் தானாகவே குடும்பத் திட்டக்குழுவின் தலைவராகிவிடுவார். மாப்பிள்ளை வாய்தவறி ‘டெசர்ட் சஃபாரி’ என்று சொன்னால் போதும். மறுநாளே தேரா கடைவீதியில் ஏழெட்டு டிராவல்ஸ் நோட்டீஸோடு நிற்பார்.

விலை திர்ஹமில் இருக்கும். அவர் மூளை ரூபாயில் ஓடும். திர்ஹமை 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள், ஆடுவதெல்லாம் நம் ரூபாய்தான். ஆகவே காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு.

“மணலப் பாக்க இவ்வளவா மாப்பிள்ளை? திருச்செந்தூர்ப் பக்கம் தேரியில சும்மாவே கொட்டிக் கிடக்கே!”

சஃபாரி வண்டிகள் போகும் லஹ்பாப் பாலைவன மணலுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. தேரிக்காட்டுக்கும் அதேதான். அவர் பேச்சில் அறிவியல் பிழை எதுவும் கிடையாது.

ஏஜென்டிடம் விசாரணை தொடங்கும். ஒட்டகச் சவாரி இலவசம் என்றால் எத்தனை நிமிஷம்? சைவத்துக்குத் தனிக் கரண்டியா? மூன்று மணிக்கு ஏன் பிக்கப், காலையிலேயே போனால் கூடுதல் நேரம் கிடைக்குமே? ஜூன் மாதத்தில் நடுப்பகல் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்று கேட்ட பிறகுதான் அந்தத் தீர்மானம் வாபஸாகும்.

மணல் தொடங்கும் இடத்தில் லேண்ட் க்ரூஸரை நிறுத்தி, டிரைவர் நாலு டயரிலும் காற்றை இறக்குவார். ‘புஸ்ஸ்’ சத்தம் கேட்டதும் தலைவர் கீழே குதித்துவிடுவார். “தம்பி, காத்து போகுது!” பெஷாவர்க்கார டிரைவருக்குத் தமிழ் தெரியாது. 35 பிஎஸ்ஐயை 15 அளவுக்குக் குறைத்தால் டயர் தட்டையாகிப் பரப்பு கூடும், மணலில் புதையாது என்று மாப்பிள்ளை விளக்குவார். நம்பாமல் ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

முதல் மேட்டில் வண்டி சரியும்போது கைப்பிடியும் கந்தசஷ்டியும்தான் துணை. காலையில் போட்ட வாந்தி மாத்திரை வேலை செய்கிறதா என்று யோசிக்கவும் தெம்பிருக்காது. திட்டக்குழுக் கூட்டம் எதிலும் வாய் திறக்காத மாமி முன்சீட்டில் இருந்து, “இன்னொரு ரவுண்டு போகச் சொல்லுங்க” என்பார்.

கேம்ப்பில் மருதாணி, ஷவர்மா, பாவாடை சுழற்றும் தனூரா நடனம் என்று எல்லோரும் கலைந்துபோக, தலைவர் டிரைவரைத் தனியே ஓரங்கட்டுவார். அடுத்த மாதம் சம்பந்தி வருகிறார். ஏஜென்ட் கமிஷன் இல்லாமல் நேரடியாக என்ன ரேட் என்று சைகையிலும் அரைகுறை ஹிந்தியிலும் கேட்பார். டிரைவர் விரல்விட்டுச் சொல்லும் தொகை, ஏஜென்ட் வாங்கியதைவிடப் பத்து திர்ஹம் கூடுதலாக இருக்கும்.