கனம் கூடிய நாயனமும் காவிரிப் படுகை ரசிகரின் எதிர்வினையும்: ஓர் ஆய்வு

பல்லாண்டுகள் ஒரே வகையாக வாசித்துப் பெயரெடுத்த கலைஞர் ஒருவர், திடீரெனக் கனமான ஒலிக்கு மாறினால் அவருடைய ரசிகர்கள் என்ன செய்கிறார்கள் என்னும் வினாவுக்கு இசையறிஞர்கள் உரிய இடம் தரவில்லை. கலைஞர் எந்த ராகத்தை எத்தனை நாழிகை வாசித்தார் என்று எழுதியவர்கள், எதிரே ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தவர் அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்பதை எழுதாமல் விட்டது இத்துறைக்கு நேர்ந்த பேரிழப்பாகும். மேலைநாட்டார் இதில் சற்று முந்திக்கொண்டனர். கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் 1976இல் தோன்றிய பிளாக் ஃபிளாக் என்னும் குழு, பங்க் ராக் எனப்படும் இசைவகையில், அதாவது உள்ள கோபத்தையெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் கொட்டி முடித்துவிடும் விரைவிசையில் பேர்போன பின்னர், 1984இல் ‘மை வார்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டு, அதன் மறுபக்கத்தில் மூன்றே பாடல்களை, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல் நீள, நிலைக்குத் திரும்பும் தேரின் வேகத்தில் இழுத்து வாசித்தது. ரசிகர்கள் இரண்டுபட்டனர். ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்றது ஒரு கட்சி. ‘இதுவல்லவோ சங்கீதம்’ என்றது மறுகட்சி.

தஞ்சை வட்டாரத்தார்க்கு இச்செய்தியில் புதுமை ஏதுமிராது. மராட்டிய மன்னர் காலத்துத் தஞ்சை அரண்மனைக்குப் பொப்பிலி கேசவையா என்னும் ஆந்திரப் பாடகர் வந்து கன மார்க்கத்தில், அதாவது அடிவயிற்றிலிருந்து குரலைத் திரட்டி முழக்கும் முறையில் பாடிக் காட்ட, அதைக் கற்க முன்வந்து தேறிய கிருஷ்ணையருக்குக் ‘கனம்’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. உ.வே.சாமிநாதையர் அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். எனினும் குரலின் கனம் பாடுபவரோடு போய்விடுவது. கருவியின் கனம் அப்படியன்று. ஆதலின் இவ்வாய்வு, கருவியே கனத்துப்போன ஒரு நிகழ்வை, திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) நாயனத்தை, மையமாகக் கொள்கிறது.

நாயனம் என்று இவ்வட்டாரத்தில் வழங்கும் நாகசுரம் இருவகைப்படும். குட்டையாகவும் உச்ச சுருதியிலும் ஒலிப்பது திமிரி. நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது பாரி. சுருதியை அளக்கும் அலகு கட்டை எனப்படும். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக்கட்டையிலிருந்து எண்ணப்படுவதால் அப்பெயர் வந்தது. திமிரி நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் காதைத் துளைக்கும் என்றால், பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் இறங்கி நெஞ்சில் உட்காரும். கோயில் வீதியில் சாமி புறப்பாட்டின்போது, வெடியும் சலசலப்பும் கூடிய கூட்டத்தில், பின்னால் தவில் இடியாய் இடிக்க, ஒலிபெருக்கி இல்லாமல் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டிய கருவி திமிரியாக இருந்தது இயல்பே.

கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை நாயனம் செய்யும் ஊர். அங்கே ஆச்சா மரத்தை, அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகவோ தூணாகவோ கிடந்து பல தலைமுறை காய்ந்த ஆச்சா மரத்தை, கடைந்து, துளைத்து, உலவு என்னும் நீண்ட குழலைச் செய்கிறார்கள்; அதன் அடியில் விரிந்த வாயாகப் பொருத்தப்படுவது அணசு; மேலே வைத்து ஊதும் நாணல் துண்டு சீவாளி. விரல் வைக்கும் துளைகள் ஏழுக்கும் கீழே உள்ளவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீர்செய்வர். திமிரியில் சுத்த மத்திமம், அதாவது ‘ம’ என்னும் சுரத்தின் தாழ்ந்த வடிவம், துளையில் நேராகப் பேசாது. வாசிப்பவர் மூச்சையும் உதட்டையும் கொண்டு அதைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்க வேண்டும். இக்குறையைப் போக்கி, நீளம் கூட்டி, சுருதி இறக்கிய பாரியை இராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பிள்ளையின் பேர் சொன்னாலே நினைவுக்கு வரும் தோடி ராகம் சுத்த மத்திமம் உடையது என்பதைக் கருதினால், அந்த ராகத்தின் புகழில் ஆசாரியின் துரப்பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று கொள்ள இடமிருக்கிறது.

இனி ரசிகர். இன்றும் கோயில் திருவிழாவிலும் கலியாணப் பந்தலிலும் காணக் கிடைக்கும் காவிரிப் படுகை ரசிகரே இப்பகுதிக்கு மூலச்சான்று. அவரை ஆராய்வதில் உள்ள முதல் இடர், அவர் எழுப்பும் ‘ச்சு’ என்னும் ஒலியாகும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுக்கும்போது பிறக்கும் இவ்வொலியை, நல்ல சங்கதி ஒன்று விழுந்தால் எழுப்புவார். சங்கதி சறுக்கினாலும் எழுப்புவார். பக்கத்து வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தாலும் அதையே எழுப்புவார். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தலையின் திசையில் இருக்கிறது. தலை இடவலமாக மெல்ல ஊசலாடினால் பாராட்டு. முன்னோக்கித் தாழ்ந்து நின்றுவிட்டால் துக்கம். பக்கவாட்டில் ஒரே முறை வெட்டி, அடுத்திருப்பவரின் கண்ணைத் தேடினால், அது கனம் கூடிய புதிய வாசிப்பைப் பற்றிய மறுப்பு. அடுத்திருப்பவரின் கண்ணைத் தேடுவது இங்கு இன்றியமையாத கூறு. தனியே அமர்ந்திருக்கும் ரசிகர் எந்தப் புதுமையையும் வெறுப்பதில்லை; வெறுப்புக்குக் குறைந்தது இருவர் வேண்டும்.

இரண்டாவது இடர் வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இன்ன வட்டாரத்துக்கே உரியது என்னும் அரசுப் பதிவு, கிடைத்திருக்கிறது. ஆனால் இசை விமரிசனத்தில் அதன் பங்கு இன்னும் பதிவாகவில்லை. ஆலாபனை தொடங்கும் வேளையில் நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்ட வெற்றிலை, ராகம் விரிந்து வரும்போது சாறு நிறைந்து வாயை அடைத்துவிடுகிறது. அந்நிலையில் ரசிகர் முகவாயை வானத்தை நோக்கி உயர்த்தி, கீழுதட்டை ஏந்தலாக நீட்டி, ‘ம்ம்’ என்று மட்டும் சொல்லக் கூடியவராகிறார். இதைக் கண்ட வெளியூரார் ஆழ்ந்த நிறைவின் அடையாளம் என்று எண்ணிக்கொள்வதுண்டு. எழுந்துபோய்த் துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் ராகம் முடிந்திருக்கும். கேட்காத பகுதியையும் சேர்த்துத் தீர்ப்பு வழங்கப்படும். புதிய ஒலிக்கு எதிரான தீர்ப்புகளில் ஒரு பகுதி இவ்வாறு வாய் காலியான வேகத்தில் பிறந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திண்ணை ரசிகர் என்பார் தனி இனம். வீட்டைவிட்டு இறங்காமல், கோயிலிலிருந்து வரும் ஒலியைக் கொண்டே வித்துவானின் தரத்தை நிறுப்பவர் இவர். திமிரியின் கூரொலி இவர் திண்ணைவரை வந்து சேரும். பாரியின் கனத்த ஒலியோ நடுவிலுள்ள மாட்டுவண்டிச் சத்தத்திலும் குழந்தைகளின் இரைச்சலிலும் கரையத் தொடங்கும். ஆகவே வித்துவானுக்கு மூச்சு குறைந்துவிட்டது என்பதே இவர் முடிவாக இருக்கும். அருகில் வந்து கேட்டால் முடிவு மாறக்கூடும் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. திண்ணையில் வெற்றிலைப்பெட்டி இருக்கிறது.

மாற்றம் ஒலியில் மட்டும் நிகழ்ந்திருந்தால் ஆய்வு எளிதாக முடிந்திருக்கும். இராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி அணிந்தார், நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை விட்டு மேடையில் அமர்ந்து வாசித்தார், ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்து என்னும் துணைக்குழலை நீக்கிவிட்டுச் சுருதிப்பெட்டியை வைத்தார். நாயனக்காரர் தோளில் துண்டு போடுவதையே ஆத்திரத்தோடு பார்த்த பெரிய மனிதர்கள் வாழ்ந்த காலம் அது என்பதை மறக்கலாகாது. ‘சுருதி சரியில்லை’ என்று ஒருவர் முணுமுணுத்தால், அவரை உறுத்தியது சுருதியா, நாற்காலிக்குச் சமமாக எழுந்த மேடையா என்று பிரித்தறிவது கடினம். இந்த ஒரு வினாவில் மட்டும் இக்கட்டுரை விளையாட்டை நிறுத்திக்கொள்கிறது: மேடை என்பதே விடை. 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தார் செங்கோலுடன் தில்லிக்குப் போனபோது உடன் சென்று வாசித்தவரும் இவரே. அதன் பிறகு மேடையைப் பற்றிய முணுமுணுப்பு தானாகவே தாழ்ந்த சுருதிக்கு இறங்கியிருக்க வேண்டும்.

எதிர்வினையின் ஆயுளைப் பற்றிய செய்தியே எஞ்சியிருப்பது. ரசிகர் ‘அந்தக் காலம்’ என்று குறிப்பிடும் காலம் எது என்பதை ஆராய்ந்தால், அது அவருக்கு மீசை அரும்பிய காலத்தோடு பிசகாமல் பொருந்துகிறது. அதற்கு முந்தையது பழங்கதை, பிந்தையது சீரழிவு. திமிரியோடு வளர்ந்தவருக்குப் பாரி சீரழிவு. பாரியோடு வளர்ந்த அவர் மகனுக்குப் பாரியே ஆதிமுதல் மரபு. இதில் ஒரு கொடுமையும் உண்டு: திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் பாரி நாயனம் என்பது பழைய வழிபாட்டுக் கருவியாகவே வழங்கி வந்திருக்க, புதுமை என்று வையப்பட்ட கனம் பக்கத்து ஊரின் பழமையாக இருந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது, ஒரு தலைமுறைக்கு அதிர்ச்சியாக வந்திருக்கக்கூடிய ஒலி அரசு முத்திரையோடு பாரம்பரியம் ஆயிற்று. அந்தப் பாரம்பரியத்தின் காவலர்கள் இப்போது திருவிழாவுக்கு வரும் கேரளத்துச் செண்டை மேளத்தைப் பார்த்து ‘ச்சு’ என்கிறார்கள். தலை பக்கவாட்டில் ஒரே முறை வெட்டுகிறது. கண் அடுத்தவரைத் தேடுகிறது.

ஆகவே டெல்டா மாவட்டங்களின் விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர்களுக்குக் கீழே சிறிது இடம் விட்டு, வாசிக்கப்போகும் நாயனம் எத்தனை கட்டை என்பதையும் அச்சிடுக. திண்ணையில் இருப்போர் புறப்பட வேண்டிய தொலைவை அதைக்கொண்டு கணக்கிட்டுக்கொள்வர். தாம்பூலத்தை மட்டும் தயவுசெய்து ஆலாபனை முடிந்த பிறகே வழங்குக.