போட்மாஸ் துரை அவர்களுக்கு ஒரு மனு

அனுப்புநர்: பழைய பால் ஸ்டோர் கிராணியின் மகள், சுங்கை பட்டாணி, கெடா.

பெறுநர்: மேன்மைதங்கிய போட்மாஸ் துரை அவர்கள், கணக்குப் பாடநூல், எல்லாப் பக்கங்களும்.

பொருள்: தங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததால் ஏற்பட்ட நஷ்டம்.

ஐயா,

தாங்கள் எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு நாளும் தலைகாட்டியதில்லை. ஆனாலும் தங்கள் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக உத்தரவு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. முதலில் அடைப்புக்குறி, அடுத்து அடுக்கு, அப்புறம் வகுத்தல், பெருக்கல், சேர்த்தல், கழித்தல். பங்களாவை விட்டு இறங்காமல் தோட்டத்தை நடத்திய துரைமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெயரை மட்டும் அனுப்பிவைத்து ஆளுகிற துரை தாங்கள் ஒருவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் ஆண்டு படிக்கும் என் மகன் வயிற்றுப் பேத்தியின் நோட்டில் 10 − 4 + 3 என்றொரு கணக்கு. தங்கள் பெயரிலோ சேர்த்தல் முன்னால் நிற்கிறது, கழித்தல் பின்னால். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறவள். நாலையும் மூன்றையும் சேர்த்து ஏழாக்கினாள், பத்தில் ஏழு போக 3 என்று எழுதினாள். சரியான விடை 9. சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. "போட்மாஸ்படிதானே பாட்டி செஞ்சேன்?" என்கிறாள். அவள் சொல்வதில் என்ன தப்பு, துரை?

வகுத்தலும் பெருக்கலும் ஒரே பதவி என்பதைத் தாங்கள் பெயரில் சொல்லவில்லை. சேர்த்தலும் கழித்தலும் அப்படியே. ஒரே பதவிக்காரர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இடப்பக்கம் நிற்பவருக்கு முதலில் வேலை. காலையில் தோட்டத்து ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டுக் களத்தில் தண்டல் ஆள் கூப்பிடுகிற மாதிரிதான். இந்த முக்கியமான சங்கதியை விட்டுவிட்டு, ஆறு எழுத்தை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் தங்கள் தம்பி பெம்டாஸ் இருக்கிறார். அவரிடம் பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வரிசை சொல்லிவிட்டு, இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்கிறீர்கள்.

என் அப்பா பால் ஸ்டோரில் நிறுவை பார்த்தவர். வாளியோடு ரப்பர் பால் 22 கிலோ, வாளி 2 கிலோ. மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தால் காய்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வாளியைக் கழித்து, மிச்சம் 20ஐ 30 விழுக்காட்டால் பெருக்கினால் 6 கிலோ. வெட்டுக்காரிக்குச் சம்பளம் அந்த ஆறுக்குத்தான். இதையே 22 − 2 × 30% என்று எழுதித் தங்களிடம் கொடுத்தால், தாங்கள் முதலில் வாளியைக் காயவைக்கிறீர்கள், விடை 21.4 கிலோ. வெட்டுக்காரிக்குக் கொண்டாட்டம். 22 × 30% − 2 என்று எழுதினால் 4.6 கிலோ, கம்பெனிக்குக் கொண்டாட்டம். வாளி காயாது என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வெட்டுக்காரிக்கும் தெரியும். அப்பா தங்கள் பெயரைக் கேள்விப்பட்டவர் இல்லை. எதை எடைபோடுகிறோம் என்று தெரிந்ததால் எதை முதலில் கழிப்பது என்றும் அவருக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுக் கடைக்கு வாருங்கள். ஒரு தே தாரிக் 2 வெள்ளி, ரொட்டி சானாய் மூன்று, ஒன்று 1.50 என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருக்கும் சின்னக் கால்குலேட்டரில் 2 + 3 × 1.50 என்று தட்டினால் 7.50 காட்டும், வந்த எண்ணை வந்த வரிசையிலேயே விழுங்குகிற ஜாதி அது. என் கைப்பேசி 6.50 என்கிறது. கைப்பேசி தங்கள் விசுவாசி. இடையில் ஒரு வெள்ளி நிற்கிறது. நல்லவேளை, கடைத் தம்பி கால்குலேட்டரைத் தொடுவதில்லை, தட்டைப் பார்த்து வாயாலேயே கணக்குச் சொல்லிவிடுவார்.

படித்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 2019 ஜூலையில் இணையத்தில் பரவிய 8 ÷ 2(2+2) என்ற ஒரு வரி உலகத்தையே இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் 16, பாதிப் பேர் 1. இயந்திரங்களும் கட்சி கட்டின. 6 ÷ 2(1+2) என்று கொடுத்தால் காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் 1 என்கிறது, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-83 பிளஸ் 9 என்கிறது. ÷ குறியை வகுத்தலுக்கு என்று 1659இல் ஜோஹன் ரான் அச்சில் ஏற்றினார். கணிதக் குறிகளின் வரலாற்றை எழுதிய ஃபுளோரியன் கஜோரி, பெருக்கலும் வகுத்தலும் ஒரே வரியில் வந்தால் எது முதலில் என்பதில் உடன்பாடே இல்லை என்று 1928இல் பதிந்து வைத்தார். ÷ குறியையே தவிர்க்கச் சொல்கிறது உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ. ஆக, தாங்கள் இயற்கைச் சட்டம் அல்ல; அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. இதை எங்கள் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

தங்கள் பிரதிநிதியான கல்வி அமைச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மூத்தவன் தோட்டப் பள்ளியில் கணக்கைத் தமிழில் படித்தான். 2003இல் முதலாம் ஆண்டுக்குப் போன இளையவளுக்கு, தமிழ்ப்பள்ளியிலேயே, கணக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. 2009 ஜூலையில் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்து, 2012இலிருந்து பழையபடி என்றார்கள். 2016இல் விரும்பும் பள்ளிகளுக்கு மட்டும் இருமொழிப் பாடத்திட்டம். முதலில் நாடு முழுக்கப் பெருக்கினார்கள், அப்புறம் கழித்தார்கள், எல்லாம் முடிந்தபின் "சில பள்ளிகளுக்கு மட்டும்" என்று அடைப்புக்குறி போட்டார்கள். அடைப்புக்குறி முதலில் என்ற தங்கள் ஒரே உருப்படியான உத்தரவை அமைச்சே மதிக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அதை மதித்தவர் ஒருவர் உண்டு. வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. வகுத்தல் அமோகமாக நடந்தது, மீதியாக நின்றவர்கள் லயத்து ஜனங்கள். தனித்தனியே விட்டால் ஆளுக்குப் பத்து வெள்ளியை வைத்து ஒரு ரப்பர் மரத்தைக்கூட வாங்க முடியாது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தப் பத்துப் பத்து வெள்ளியையெல்லாம் ஒரே அடைப்புக்குள் போட்டார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம். முதலில் சேர்த்தார், அப்புறம்தான் பங்கு பிரித்தார்.

ஆகையால் துரை அவர்கள் தயவுசெய்து பெயரை மாற்றிக்கொள்ளவும். முடியாதென்றால் பெயருக்குக் கீழே "வகுத்தலும் பெருக்கலும் சமம், சேர்த்தலும் கழித்தலும் சமம், இடமிருந்து வலம்" என்று சின்ன எழுத்திலாவது அச்சடிக்கவும். சோதனைத்தாள் தயாரிப்பவர்கள் இரண்டு அர்த்தம் வரும் கணக்கை எழுதிவிட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை வெட்டினால், அடைப்புக்குறியை மிச்சம் பிடித்ததற்கு அவர்கள் சம்பளத்தில் வெட்டவும். எதை முதலில் கழித்து அந்தச் சம்பளத்தைப் போடுவது என்பதைத் தங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மனுவின் நகல் ஒன்று புத்ராஜெயாவுக்கும் போகிறது. எந்த அதிகாரி முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் ஒரே பதவியாக இருந்தால் இடப்பக்க மேசையில் கொடுக்கவும்.

இப்படிக்கு,
கிராணி மகள்