முற்றுப்புள்ளி வீட்டுக்குள்ளா, திண்ணையிலா?

ஆய்வுச் சிக்கல்: ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மேற்கோளோடு முடிந்தால், முற்றுப்புள்ளி மேற்கோள்குறிக்கு உள்ளே நிற்பதா, வெளியே நிற்பதா? 1906இல் வந்த சிகாகோ நடைக் கையேடு, உள்ளேதான், விதிவிலக்கே கிடையாது என்று அடித்துச் சொன்னது. அதே 1906இல் இங்கிலாந்தின் ஃபவுலர் சகோதரர்கள், பொருளைப் பார்த்து வையுங்கள் என்றார்கள்: புள்ளி மேற்கோளுக்குச் சொந்தமானால் உள்ளே, முழு வாக்கியத்துக்குச் சொந்தமானால் வெளியே. நூறாண்டு தாண்டியும் பஞ்சாயத்து முடிந்தபாடில்லை.

ஆய்வுக் களம்: வடசென்னை மூலக்கொத்தளம். காரணங்கள் மூன்று. முதலாவது, மொழிப்போரில் 1939இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. மொழி வழக்கை விசாரிக்க இதைவிடத் தகுந்த இடம் ஏது? இரண்டாவது, தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கப்படுத்திய ஆறுமுக நாவலர் அச்சகம் நடத்திய தங்கசாலை பக்கத்தில்தான். மூன்றாவது, இங்கே மயானம் உண்டு. எனவே அஞ்சலிச் சுவரொட்டிகளுக்கு, அதாவது தரவுகளுக்கு, பஞ்சமே இல்லை.

தரவுகள்: சுவரொட்டியின் உச்சியில் "கண்ணீர் அஞ்சலி". யாரும் சொன்ன வாசகம் அல்ல. ஆயினும் இரட்டை மேற்கோள். இதை மரியாதை மேற்கோள் என வகைப்படுத்துகிறோம். அடுத்து, காலமானவரின் பெயருக்கு முன்னால் ஒற்றைக் குறிக்குள் 'வெல்டர்'. இது தொழில் மேற்கோள். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் தெருவில் இதுவே அடையாள அட்டை. மூன்றாம் வகை, திறந்துவிட்டு மூடாதது; இடப்பற்றாக்குறையே காரணம் என்பது எம் துணிபு. கீழே, "ஆழ்ந்த வருத்தத்துடன்.,". புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றாகக் குடியிருக்கும் இந்தக் கூட்டுக்குறி சிகாகோவுக்கும் தெரியாது, ஃபவுலருக்கும் தெரியாது. அழைப்பிதழில் "அன்புடையீர்.," என வருவதும் இதுவே.

விவாதம்: சுவரில் இத்தனை குழப்பம் இருந்தும், உள்ளே-வெளியே சண்டை மட்டும் தமிழில் மூளவில்லை. ஏன்? "நாளைக்கு வரேன்" என்றார். மேற்கோள் முடிந்ததும் 'என்றார்' வந்து நிற்கிறது. புள்ளி அதற்குப் பின்னால் போகிறது. பேச்சை எடுத்துச் சொல்லும்போது புள்ளியும் மேற்கோள்குறியும் முட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு. "வருவியா?" என்று கேட்டாலும், கேள்விக்குறி கேட்டவருடையது, உள்ளேயே இருக்கும். 'கூறியதாவது' என்று ஆரம்பித்துப் பத்தி பத்தியாக மேற்கோள் போடும் நாளிதழ்கூட, கடைசியில் 'இவ்வாறு அவர் கூறினார்' என்று தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. நிறுத்தக்குறியே இல்லாத ஓலைச்சுவடிக் காலத்திலும், யார் பேச்சு எங்கே முடிந்தது என்பதை 'என்று', 'என' ஆகியவையே காட்டிக்கொடுத்தன. ஆங்கிலத்திலோ 'அவர் சொன்னார்' முன்னால் வந்துவிட்டால், வாக்கியத்தின் வாலில் பேச்சு தொங்குகிறது. புள்ளிக்கு இடத்தகராறு பிறக்கிறது.

முடிவு: குற்றவாளி புள்ளி அல்ல, வினைச்சொல்லை முன்னால் அனுப்பிய ஆங்கில வாக்கியம். சிகாகோவின் விதி அச்சுக்கு அழகு, ஃபவுலரின் விதி அறிவுக்கு அழகு. ஆங்கிலத்தில் எழுதியே தீர வேண்டியவர்கள் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை மாறாமல் இருந்தால் போதும்.

சுவரொட்டி அச்சடிக்கும் அன்பர்களுக்கு ஒரே விண்ணப்பம்: எதற்கு வேண்டுமானாலும் மேற்கோள் போடுங்கள், திறந்ததை மட்டும் மூடிவிடுங்கள்.